காரணம் எங்கே எழுதியிருக்கிறது? சுனாமியில் பிறந்த ‘சஹானா’வும் திறந்த மூலத் திட்டங்களின் ஆவண ஒழுங்கும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நம் கரையோர ஊர்கள் உட்பட மாவட்டம் முழுவதிலும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். அந்த இடங்களில் முதலில் தேவைப்பட்டது ஒரு பட்டியல். யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கொப்பியில் எழுதினார்கள். ஒரே குடும்பம் இரண்டு பட்டியல்களில் வந்தது, இன்னொரு குடும்பம் எதிலுமே வரவில்லை. அதே விவரத்தை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொன்னோம் என்பது அந்நாட்களைக் கடந்த எவருக்கும் நினைவிருக்கும்.

அதே வாரத்தில் கொழும்பில் இதே சிக்கலைக் கணினியில் தீர்க்கச் சிலர் உட்கார்ந்தார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சூழ்ந்திருந்த தன்னார்வ மென்பொருளாளர்கள், அரசு அவசரமாக அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்துக்காக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற கோரிக்கைப் பதிவு ஆகியவை அதன் பகுதிகள். நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லான ‘சஹானா’ அதற்குப் பெயராயிற்று. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற திறந்த மூல உரிமத்தில் அது வெளியானது.

இந்தக் கட்டுரை சஹானாவின் வரலாற்றைச் சொல்வதற்காக எழுதப்படவில்லை. ஒரு திறந்த மூலத் திட்டம் வளரும்போது அதன் திட்ட ஆவணங்களை, அதாவது எதைச் செய்யப்போகிறோம், எப்படிச் செய்யப்போகிறோம், ஏன் அப்படி என்று எழுதிவைக்கும் தாள்களை, எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே இங்குள்ள கேள்வி. அதை விளக்க நம் மண்ணில் பிறந்த சஹானாவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அவசரத்தில் பிறந்தது, நாடுகளைத் தாண்டியது

சுனாமி நாட்களில் எழுதப்பட்டது அந்த வாரத்துத் தேவைக்கான மென்பொருள். எழுதியவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவர் செய்ததில் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம் என்பதால், அந்த நிலையில் எவருக்கும் திட்ட ஆவணம் தேவைப்படுவதில்லை. 2005இல் சுவீடனின் சர்வதேச அபிவிருத்தி நிறுவனமான ‘சீடா’வின் உதவியோடு, எந்த நாட்டின் எந்த அனர்த்தத்துக்கும் பொருந்தும் வகையில் அது புதிதாக எழுதப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம் வந்தது. 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கமும், 2007இல் பெரு நிலநடுக்கமும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கமும் வந்தன. அத்தனை இடங்களிலும் சஹானா பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காக வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. 2009இல் அமெரிக்காவில் ‘சஹானா சொப்ட்வெயார் பவுண்டேஷன்’ என்ற தனி அமைப்பும் பதிவானது.

இதற்குள் மென்பொருளும் கிளை விட்டிருந்தது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட மூலக்கிளைக்கு ‘அகஸ்தி’ என்று பெயர் வந்தது. பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட ‘ஈடன்’ ஹெய்ட்டியோடு முன்னணிக்கு வந்தது. அகஸ்தியிலிருந்தும் நியூயோர்க் நகரின் அவசரகாலத் தேவைக்காக ‘மயோன்’, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆள்தேடும் தேவைக்காக ‘வெசூவியஸ்’ எனக் கிளைகள் வந்தன.

இப்போது இந்தத் திட்டத்துக்குள் புதிதாக வரும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ பெருவிலோ படிப்பவராக அவர் இருக்கலாம். ‘முகாம் பதிவு’ பற்றிய ஒரு பழைய திட்டத்தாள் அவர் கண்ணில் படுகிறது. அது எந்தக் கிளைக்கானது? இன்னும் நடப்பில் உள்ளதா, கைவிடப்பட்டதா? எழுதியவர் யார், எந்த நாட்டுத் தேவைக்காக எழுதினார்? தாளின் தலையில் இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தாள் அவரைத் தவறான வழியில் இழுத்துச்செல்லும். அதைவிட அது இல்லாமலிருப்பதே மேல்.

ஈடன் குழு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. புதிய பகுதி ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் திட்டத்தின் விக்கியில் ‘புளூபிரிண்ட்’ என்ற பக்கத்தை எழுத வேண்டும், அதற்கு ஒரு மாதிரிப் படிவமும் உண்டு. அறிமுகம், சம்பந்தப்பட்டோர் யார், பயனர் தன் வாயால் சொல்வதுபோன்ற கதைகள், தேவைகள், வடிவமைப்பு, செயலாக்கம் என்ற வரிசையில் அது போகும். நிரல் எழுதுவது பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். முகாமில் இருப்பவருக்கும் பதிவு செய்யும் அலுவலருக்கும் என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதியாக வேண்டும் என்பது எனக்குப் பிடித்த நிபந்தனை. நிரல் தெரியாத நிவாரணப் பணியாளரும் விக்கியில் கைவைக்கலாம் என்பது இதன் பலம். விக்கி ஓரிடத்திலும் நிரல் வேறோரிடத்திலும் இருப்பதால் ஒன்று மாற மற்றது பழசாகிக் கிடக்கும் ஆபத்து இதன் பலவீனம். இது எல்லா விக்கிகளுக்கும் உள்ள நோய்தான்.

நிராகரித்ததை எறியாதவர்கள்

இந்த விடயத்தில் உலகம் 1969இலிருந்தே பாடம் படித்து வருகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை அமைத்த பட்டதாரி மாணவர்களில் ஒருவரான ஸ்டீவ் குரொக்கர் அந்த ஆண்டு ஏப்ரலில் ‘கருத்துக் கோரல்’ என்ற வரிசையின் முதலாம் இலக்கக் குறிப்பை எழுதினார். ஆர்.எஃப்.சி. என்று இன்றும் வழங்கும் அந்த வரிசை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதன் விதி எளியது. வெளியான ஆவணத்தில் பிறகு கைவைப்பதில்லை. மாற்றம் வேண்டுமென்றால் புதிய இலக்கத்தில் புதிய ஆவணம் எழுதி, ‘இது இன்ன இலக்கத்தைக் காலாவதியாக்குகிறது’ என்று தலையிலேயே குறிக்க வேண்டும். பழையது அழியாது, ஆனால் அது பழையது என்பது எவருக்கும் தெரியும்.

பைதன் மொழியின் வளர்ச்சியும் 2000ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. ‘பெப்’ எனப்படும் முன்மொழிவு ஆவணங்களுக்கு இலக்கம் உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு, நிலை உண்டு. வரைவு, ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, மீளப்பெறப்பட்டது, இறுதியானது, இன்னொன்றால் பதிலீடு செய்யப்பட்டது என்பன அந்த நிலைகள். பூச்சியம் இலக்கமிட்ட பெப் மற்ற எல்லாவற்றுக்கும் அட்டவணை.

நான் விரும்பிப் படிப்பது நிராகரிக்கப்பட்டவற்றை. ரோம இலக்கங்களை மொழியில் சேர்க்கக் கேட்ட 313ஆம் பெப் மறுக்கப்பட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. பிற மொழிகளில் இருக்கும் ‘சுவிட்ச்’ கட்டளை பைதனிலும் வேண்டுமென்று 275ஆம் பெப் கேட்டது, 3103ஆம் பெப் மறுபடி கேட்டது. இரண்டும் நிராகரிக்கப்பட்டன. 2021இல் வெளியான பைதன் 3.10இல் அதைவிட விரிந்த ஒரு வசதி 634ஆம் பெப் வழியாக வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட 622ஆம் பெப்பின் தலையில் ‘634 இதற்குப் பதிலானது’ என்ற குறிப்பு நிற்கிறது. இருபது வருட வாக்குவாதத்தை ஒரு புதியவர் ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கலாம். முன்பு ஏன் வேண்டாம் என்றார்கள், பிறகு எது மாறியது என்று கேட்டு எவரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

சிறிய திட்டங்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு பாரம். அவர்களுக்கு 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த ‘தீர்மானப் பதிவு’ முறை போதும். ஒரு தீர்மானத்துக்கு ஒரு சிறு கோப்பு. அதில் தலைப்பு, நிலை, பின்னணி, தீர்மானம், விளைவு ஆகிய ஐந்தும் இருக்கும். ஓரிரு பக்கங்களைத் தாண்டக்கூடாது. அது நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கும், ஆகவே நிரலைப் பிரதி எடுப்பவரிடம் காரணமும் போய்ச்சேரும்.

அடையாள அட்டை இலக்கம் என்ற ஓர் உதாரணம்

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கல்முனையில் சில இளைஞர்கள் சேர்ந்து, வெள்ள நாட்களில் தங்குமிடங்களில் சேரும் குடும்பங்களைப் பதிய ஒரு திறந்த மூலச் செயலியை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆளையும் எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பது முதல் நாளே வரும் கேள்வி. ‘அடையாள அட்டை இலக்கம் இருக்கே, அதையே வைப்போம்’ என்பார் ஒருவர். பார்வைக்குச் சரிதான். ஆனால் வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடியவரிடம் அட்டை இராது. சிறுவர்களுக்கு அட்டையே கிடையாது. 2016க்கு முன் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும், அதன் பின் வந்தவற்றில் பன்னிரண்டு இலக்கங்கள். ஆக ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய இலக்கத்தையும் வேறோரிடத்தில் புதிய இலக்கத்தையும் கொடுத்து இரண்டு ஆளாகிவிடலாம்.

‘அப்ப பெயரை வைப்போம்’ என்றால் அதுவும் வழுக்கும். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! முன்னெழுத்து ஒரு பட்டியலில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். தமிழில் பதிந்த பெயர் மாவட்டச் செயலகத்துக்குச் சிங்களத்தில் போய் மீண்டும் தமிழுக்கு வரும்போது வேறு ஆளாகிவிடும். கடைசியில், செயலியே ஓர் இலக்கத்தை உண்டாக்கும், அடையாள அட்டையும் பெயரும் துணை விவரங்களாக மட்டும் இருக்கும் என்று குழு முடிவெடுக்கிறது. பல இரவுகள் பேசி எடுத்த முடிவு. ஆனால் பேச்சு முழுவதும் வட்ஸ்அப் குரல் பதிவுகளில்.

ஒரு வருடம் கழிகிறது. பேசியவர்களில் இருவர் கட்டாருக்குப் போய்விட்டார்கள், ஒருவர் கைபேசியை மாற்றிவிட்டார். புதிதாகச் சேர்ந்த தம்பி நிரலைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “காக்கா, அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயமாக்காம விட்டிருக்காங்களே, மறந்துட்டாங்களோ?” காக்காவுக்கும் சரியாக நினைவில்லை. தம்பி நல்லெண்ணத்தோடு அதைத் திருத்திவிடுகிறார். அடுத்த வெள்ளத்தில் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த தாயைச் செயலி பதிய மறுக்கிறது.

இதைத் தடுக்க ஒரு பக்கம் போதும்:

தீர்மானம் 0007: தேசிய அடையாள அட்டை இலக்கம் கட்டாயமில்லை
நிலை: ஏற்கப்பட்டது (0003க்குப் பதிலானது)
பின்னணி: இடம்பெயர்ந்தோர் பலரிடம் அட்டை இராது. சிறுவர்களுக்கு அட்டை இல்லை. பழைய, புதிய இலக்க முறைகள் இரண்டும் புழக்கத்தில் உள்ளன.
ஆராய்ந்து விட்ட வழிகள்: பெயரும் பிறந்த திகதியும் (எழுத்து வேறுபாடு அதிகம்), தொலைபேசி இலக்கம் (ஒரு குடும்பத்துக்கு ஒன்றே இருக்கலாம்).
தீர்மானம்: ஒவ்வொருவருக்கும் செயலியே ஓர் இலக்கம் வழங்கும். அட்டை இலக்கம் இருந்தால் பதியப்படும்; பழையது பன்னிரண்டு இலக்க வடிவுக்கு மாற்றிச் சேமிக்கப்படும்.
விளைவு: இரட்டைப் பதிவு வரலாம். அவற்றை ஒப்பிட்டுச் சேர்க்க ஒரு திரை தேவை.

‘விளைவு’ என்ற பகுதியில் தீமையையும் எழுத வேண்டும். இந்த வழியால் இரட்டைப் பதிவு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது என்பதைப் படிப்பவர் அறிந்தால்தான், நாளை அது வரும்போது முடிவையே மாற்றப் புறப்படாமல் சேர்க்கும் திரையைச் சரிசெய்வார்.

எழுதாமல் விட்டால் உயிருக்கு வினையாகும் முடிவுகளும் உண்டு. போர்க்காலத்தில் ஒரு பட்டியலில் பெயர் இருப்பது எதையெல்லாம் கொண்டுவரும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இத்தகைய செயலியில் இனம், மதம், முந்தைய முகவரி போன்றவற்றைக் கேட்காமல் விடுவது பெரும்பாலும் வேண்டுமென்றே எடுத்த முடிவாக இருக்கும். ஆனால் கேட்காமல் விட்டது நிரலில் தெரியாது. இல்லாத ஒரு பெட்டி மறதியால் இல்லையா, யோசித்துத் தவிர்க்கப்பட்டதா என்று திரையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. நோர்வேயில் இருந்து உதவ வரும் ஒரு நல்ல மனிதர், புள்ளிவிவரத்துக்கு உதவுமே என்று அந்தப் பெட்டியைச் சேர்த்துவிடுவார். ‘இதைக் கேட்பதில்லை, காரணம் இது’ என்ற ஆவணம் மட்டுமே அவரை நிறுத்தும். என் பார்வையில் எந்தத் திட்டத்திலும் முதலில் எழுதப்பட வேண்டியது செய்யமாட்டோம் என்பவற்றின் பதிவுதான்.

எது எங்கே இருக்க வேண்டும்

வளரும் திட்டங்களில் குழப்பம் பெரும்பாலும் ஒரே தாளில் எல்லாவற்றையும் கொட்டுவதால் வருகிறது. கனவும், இந்த மாத வேலையும், கூட்டத்தில் பேசியதும், இறுதி முடிவும் ஒரே கூகுள் ஆவணத்தில் நாற்பது பக்கமாக ஓடும். இவற்றின் ஆயுள் வேறு வேறு. திட்டம் யாருக்காக, எதற்காக என்பது வருடக்கணக்கில் மாறாது. அது ஒரு பக்கத்தில், முகப்பிலேயே இருக்கட்டும். எதிர்காலப் பாதை சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். அதன் தலையில் கடைசியாகத் திருத்திய திகதி கட்டாயம். அன்றாட வேலைகளும் பிழைகளும் கிட்ஹப் போன்ற தளங்களில் உள்ள பணிப்பட்டியலுக்குரியவை, அவற்றைத் தனி ஆவணமாக்கத் தேவையில்லை. கூட்டக் குறிப்புகள் திகதி வாரியாக ஒரு மூலையில் கிடக்கட்டும், ஆனால் அங்கே எடுத்த முடிவை வெளியே எடுத்துத் தனிப் பதிவாக்க வேண்டும். பெரிய மாற்றத்துக்கான முன்மொழிவுக்கும் எடுத்த முடிவுக்கும் இலக்கமும் நிலையும் வேண்டும்.

இலக்கத்தை ஒருபோதும் மீண்டும் பயன்படுத்தக்கூடாது. கைவிட்ட 0003 கைவிட்டதாகவே இருக்கட்டும், அதன் தலையில் 0007ஐப் பார்க்கச் சொல்லும் ஒரு வரி போதும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘இறுதி திருத்தியது’ என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் நம் பழக்கத்துக்கு இதுவே மருந்து. ஒவ்வொரு ஆவணத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். குழுவின் பெயரைப் போட்டால் எவரும் பொறுப்பில்லை என்று பொருள். இவை அனைத்துக்கும் ஓர் அட்டவணைப் பக்கம் வேண்டும். எந்தச் சாதனத்திலும் திறக்கும் வெற்று எழுத்துக் கோப்பாக, மார்க்டவுன் முறையில் எழுதினால் மெதுவான இணைப்பில் கைபேசியிலும் படிக்கலாம். முன்மொழிவை நிரல் மாற்றத்தைப் போலவே மாற்றக் கோரிக்கையாக அனுப்பினால், அதன்மீது நடந்த விவாதமும் அதன் பக்கத்திலேயே தங்கும். ரஸ்ட் மொழிக் குழு 2014இலிருந்து அப்படித்தான் செய்கிறது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. நிரலுக்கான விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பது இயல்பு, வெளிநாட்டவரும் படிக்க வேண்டும். ஆனால் தமிழில் சிந்தித்து, தமிழில் வாதிட்டு எடுத்த முடிவை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்று நிபந்தனை போட்டால் பலர் எழுதவே மாட்டார்கள். முகாமில் நின்று வேலைசெய்த கிராம சேவகரோ, பாடசாலை ஆசிரியையோ, பள்ளிவாசல் நம்பிக்கையாளரோ அதைப் படித்துத் தவறு சொல்லவும் முடியாது. பின்னணியும் காரணமும் தமிழில் முழுமையாக, மேலே நான்கு வரி ஆங்கிலச் சுருக்கம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும். குரல் பதிவில் பேசுவதையும் நிறுத்தத் தேவையில்லை. பேசி முடிந்ததும் ஒருவர் பத்து வரி எழுதிக் குழுவில் போட்டு, ‘இதுதானே முடிவு?’ என்று கேட்டால் போதும்.

ஏற்கெனவே சில வருடங்கள் ஓடிவிட்ட திட்டங்கள் பின்னோக்கி எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்டால் மூன்றாம் நாளே களைத்துவிடும். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் நான்கைந்து கேள்விகளை மட்டும் எடுங்கள். அவற்றுக்குப் பதில் தெரிந்தவர் இப்போதும் தொடர்பில் இருக்கிறாரா என்று பாருங்கள். கட்டாரில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை விடுமுறையில் அரை மணிநேரம் அழைத்துப் பேசி எழுதிக்கொள்ளலாம். காரணம் எவருக்கும் நினைவில்லையென்றால் ‘காரணம் தெரியவில்லை, மாற்றும் முன் கேட்கவும்’ என்றே எழுதி, திகதி போட்டு, அதற்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிடுங்கள்.